வார்னிஷ் பிரஷ்ஷில் காய்த்த சீத்தா மரங்கள்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் தோட்டப் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், எங்க கேம்பஸ்ல சீத்தா மரம் வச்சிருக்கோம். கொத்துக் கொத்தாப் பூக்குது. ஒரு காய்கூட நிக்க மாட்டேங்குது. என்ன மருந்து அடிக்கலாம்?"

"மருந்து இருக்கட்டும்மா. மரத்தடியில என்ன கெடக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடக்காது மேடம். தினம் ரெண்டு வேளை புளோயர் போட்டு ஊதிடறோம். கண்ணாடி மாதிரி இருக்கும்." குரலில் பெருமை தெரிந்தது.

அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்று பாதியில் புரிந்தது. "எழுதிக் குடுங்க மேடம், எங்க குரூப்ல எல்லாரும் படிப்போம்" என்றாள். எழுத உட்கார்ந்தபோதுதான், எல்லாவற்றையும் 1991ஆம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்தது.

நான் தோட்டக்கலையில் பட்டயம் படித்தவள். ஒட்டுக் கட்டவும், கவாத்து செய்யவும், இலையைப் பார்த்து நோயைச் சொல்லவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் வேலையில்தான் கற்றேன். பல வருட வேலையில் நான் பார்த்த காய்க்காத மரங்களில் பாதிக்கு மேல் அன்பினால் கெட்டவை. குன்றத்தூரில் ஒரு வீட்டில் மாமரத்துக்கு மார்கழியிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அது இலையாகவே தளதளவென்று வளர்ந்தது. குழாயை மூடச் சொன்னேன், அடுத்த தையில் பூத்தது. மணிமங்கலத்தில் ஒருவர் ஆண் பப்பாளியை மூன்று வருடம் உரம் போட்டு வளர்த்துவிட்டு, "காய்ச்சிடுமா மேடம்?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது! இவையெல்லாம் எளிய வழக்குகள். கஷ்டமான வழக்கு என்றால் எனக்கு ஒன்றுதான்.

ஒரகடம் பக்கம் அப்போது இத்தனை தொழிற்சாலைகள் இல்லை. நெல் வயலுக்கும் பொட்டல் மேட்டுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் தொழிற்சாலையில் சிறிய டிரான்ஸ்பார்மர்கள் செய்தார்கள். நான் தற்காலிகத் தோட்ட மேற்பார்வையாளர். என் கணவர் அருள்தாஸ் வேலை பார்த்த மில் பூட்டிக் கிடந்தது. எங்கள் மகள் ஷீலா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். வீட்டில் ஒரே சம்பளம் என்னுடையது.

தொழிற்சாலை வளாகத்தின் தெற்குப் பக்கத்தில் நாற்பது சீத்தா மரங்கள் இருந்தன. அந்த மேட்டு நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற குடும்பத்தின் மருமகள் கன்னியம்மா. அந்த மரங்களை அவர்தான் வீட்டில் தின்ற பழத்தின் விதையைப் போட்டு வளர்த்தவர். நிலத்தை விற்றபின் எங்களிடமே தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன்.

"கூட கூடையா காய்க்கும்மா. பூந்தமல்லி சந்தைல எம் பழத்துக்குன்னு வந்து நிப்பாங்க. இந்தக் காம்பவுண்டு சொவுரு எழும்பிச்சு பாரு, அன்னிக்கே மலடாப் பூடுச்சு" என்பார். எத்தனையோ கம்பெனி பார்த்தேன், மரத்தோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.

எங்கள் மேலதிகாரி வரதராஜன் சார் பராமரிப்பு மேலாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சாக்குக்கட்டியும் வைத்திருப்பார். ஷெட்டுக்குள் நடந்து வரும்போது தரையில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு திருகாணி, ஒரு டீ கப் கண்ணில் பட்டால் குனிந்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். யாரையும் கூப்பிட மாட்டார், திட்ட மாட்டார். அடுத்த சுற்று அவர் வருவதற்குள் அந்த இடத்துக்கு உரியவர்கள் அதை எடுத்து, வட்டத்தையும் துடைத்திருக்க வேண்டும். "வட்டம் விழுந்துச்சுடா" என்றாலே ஆட்கள் ஓடுவார்கள். தோட்டத்து மண்ணில் சாக்குக்கட்டி எழுதாது. அதற்காக ஒரு டப்பாவில் சுண்ணாம்புத் தூள் வைத்திருந்தார். மரத்தடியில் ஒரு சருகுக் குவியல் கிடந்தால் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

அவருடைய வட்டங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. கட்டடம் எழும்பிய நாளில் செங்கல் குவியலுக்குள் கை விட்ட ஒரு கொத்தனாரைப் பாம்பு கடித்துவிட்டது. ஜீப்பில் அவரை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வரதராஜன் சார். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் குவியலையும் அவரால் பார்க்க முடியாமல் போயிற்று.

அந்த மார்ச் மாதம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எஸ்தர், லாரி நிக்க இடம் பத்தலை. ஆயுத பூஜை முடிஞ்சதும் தெக்குப் பக்கத்தை க்ளியர் பண்றதா பிளான்."

"சார், மரங்க..."

"காய்க்குதா?"

"பூக்குது சார்."

"நான் கேட்டது காய்க்குதான்னு. எம்.டி. கேட்டா நான் என்ன காரணம் சொல்றது? நிழலுக்கு ஆபீஸ் வாசல்ல வேப்ப மரம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு. மரம் போச்சுன்னா புல்லுதான் மிச்சம். புல்லை காண்ட்ராக்ட்ல வெட்டிக்கலாம். அதுக்கு சூப்பர்வைசர் போஸ்ட் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்னு தோணுச்சு."

ஆக, மரங்கள் நின்றால் நான் நிற்பேன். மரங்கள் விழுந்தால் நானும் விழுவேன். புரட்டாசிக்குள் அவை காய்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் அருளிடம் சொன்னேன். அவர், "மரத்தை நம்பி ஒரு குடும்பமா!" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பாடத்தில் படித்ததையெல்லாம் செய்தேன். பழைய இலைகளை உருவி, நுனிகளை வெட்டி, எரு வைத்தேன். சித்திரையில் மரங்கள் பூத்துத் தள்ளின. அத்தனையும் காம்போடு உதிர்ந்தன. கன்னியம்மா அக்கா தினமும் விடியலில் வந்து அந்தப் பூக்களையும் சருகையும் ஒன்றுவிடாமல் பெருக்கி அள்ளுவார். தன் மரங்களைத் தானே மெழுகித் துடைத்து வைத்திருப்பது போல் அந்த இடம் இருக்கும். வட்டம் போட வரதராஜன் சாருக்கு அங்கே வாய்ப்பே கிடையாது. வாரம் ஒரு முறை கொசுவுக்கும் பூச்சிக்கும் காண்ட்ராக்ட் ஆட்கள் மருந்தும் அடிப்பார்கள்.

ஒருநாள் கேன்டீனுக்குப் பின்னால் போனேன். அங்கே எச்சில் குழியின் ஓரத்தில் தனியாக ஒரு சீத்தா மரம் நின்றது. யாரும் தண்ணீர்கூட ஊற்றாத மரம். அதில் பிஞ்சுகள்!

"அக்கா, இது காய்ச்சிருக்கே!"

"அத்த யாரு பாக்குறா? அது குப்ப மரம்" என்றார்.

அந்த மரத்தின் பூ ஒன்றைப் பறித்து, சதைப்பிடிப்பான மூன்று இதழ்களையும் பிரித்தேன். உள்ளே எள் அளவுக்குப் பழுப்பு வண்டுகள் ஊர்ந்தன. தெற்குப் பக்கத்து மரங்களுக்கு ஓடி, பூப்பூவாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு வண்டு இல்லை.

சீத்தாப் பூவின் சங்கதி இதுதான். ஒரே பூ முதலில் பெண், பிறகு ஆண். இதழ்கள் லேசாக வாய் திறக்கும்போது உள்ளே சூல்முடி ஈரமாக ஒட்டும். அப்போது அது மகரந்தத்துக்குக் காத்திருக்கும் பெண். இதழ்கள் அகல விரிந்து மகரந்தம் உதிரும்போது சூல்முடி காய்ந்துவிடும், அப்போது அது ஆண். தன் மகரந்தம் தனக்கே உதவாது. விரிந்த பூவிலிருந்து வாய் திறக்கும் பூவுக்கு யாராவது அதைக் கொண்டுபோக வேண்டும். தேனீ அந்த இடுக்குக்குள் நுழையாது, அழுகிய பழத்தில் பிறந்து வளரும் இந்தச் சின்ன வண்டுதான் நுழையும். அழுகல் இருந்த காலத்தில் அக்காவின் மரங்கள் காய்த்தன. நாங்கள் அழுகலைப் பெருக்கினோம், மிச்ச வண்டுக்கு மருந்தும் அடித்தோம்.

இதைச் சொன்னதும் கன்னியம்மா அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ இத்தினி நாளா நாந்தான் எம் மரத்த மலடாக்கிக்கினு இருந்தேனா?"

"நீங்க மட்டுமா அக்கா? இந்தக் கம்பெனியே சேர்ந்து பண்ணியிருக்கு."

வரதராஜன் சாரிடம் போய் நின்றேன். மரத்தடியில் சருகு வேண்டும், அழுகிய பழம் வேண்டும், மருந்து அடிப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் சாக்குக்கட்டியை மேசையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "கேன்டீன் குப்பையை நடுத் தோட்டத்துல கொட்டணுங்கறீங்க" என்றார். சாக்குக்கட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி. உங்க பொறுப்பு" என்றார்.

வாழைப்பழத் தோல், அன்னாசிச் சக்கை, அழுகிய பப்பாளி எல்லாம் மரத்தடிக்கு வந்தன. மேலே சருகு மூடினோம். வண்டுகள் வந்தன. சில பூக்கள் காம்பில் நிற்க ஆரம்பித்தன. நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டிருந்தது. அருள் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். ஷீலாவைத் தனியாக வீட்டில் விடப் பயந்து, வரதராஜன் சாரிடம் கேட்டு என்னோடு கூட்டி வந்தேன். என் கண்ணெதிரே இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன். அவளும் மரம் மரமாக ஓடிப் பிஞ்சு தேடிக்கொண்டிருந்தாள்.

அழுகல் வந்த இடத்துக்கு எலி வந்திருக்கிறது. எலி வந்த இடத்துக்கு அது வந்திருக்கிறது.

குக்கரிலிருந்து ஆவி சீறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். ஷீலா கீழே விழுந்த பூவை எடுக்கக் குனிந்த வாக்கில் நின்றாள். அவள் கைக்கு எதிரே, சருகோடு சருகாக, சங்கிலி சங்கிலியாகப் புள்ளி போட்ட உடம்பு சுருண்டு கிடந்தது. கண்ணாடி விரியன். எனக்குக் கத்த வாய் வரவில்லை. ஓடக் காலும் வரவில்லை. பக்கத்து மரத்தடியில் இருந்த கன்னியம்மா அக்காவின் குரல் மட்டும், தாலாட்டுவதுபோல மெதுவாகக் கேட்டது.

"ஆடாத கண்ணு. அப்டியே நில்லு. கீழ பாக்காத, அம்மா மூஞ்சியப் பாரு. எங் கண்ணு, அப்டித்தான்."

ஷீலா என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அவள் ஆடவில்லை. சீறல் நின்றது. அது மெல்ல அவிழ்ந்து, அவசரமே இல்லாமல் வேலிப் பக்கம் போனது. அக்கா பாய்ந்து பிள்ளையை இடுப்பில் தூக்கினார். நான் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரையும் ஒன்றும் கடிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும், மகள் வேலை முடிந்து வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் எனக்கு முதலில் கேட்பது அந்தக் குக்கர் சத்தம்தான். "ஏம்மா இப்படிப் பயப்படற?" என்று கோபித்துக்கொள்கிறாள். அவளுக்கு அந்த நாள் சரியாக நினைவில்லை.

வரதராஜன் சார் வந்தார். என்னையும் பிள்ளையையும் பார்த்தார். சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் மரத்தில் ஆரம்பித்து, குனிந்து குனிந்து, நாற்பது மரத்தடிக் குவியலைச் சுற்றியும் தானே வட்டம் போட்டார். கடைசி வட்டத்தை முடித்ததும், "குழந்தைக்கு சோடா ஏதாவது வாங்கிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினோம். வண்டுகள் போயின. நின்ற பிஞ்சுகளும் வெயிலில் கருகி உதிர்ந்தன.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மே மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில், முன்னாள் பிரதமரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்தது. தொழிற்சாலையை மூடினார்கள். சாலையெங்கும் போலீஸ். வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் ஷீலா பின்கட்டுக்குக்கூடத் தனியாகப் போக மறுத்தாள். நான் அவளைத் தொட்டுக்கொண்டேதான் தூங்கினேன். மறுபடி தொழிற்சாலை திறந்தபோது, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று போனவள்தான்.

போகிற வழியில் வைண்டிங் செக்‌ஷன். அங்கே முழுக்கப் பெண்கள். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வார்னிஷ் பூசுவது அவர்கள் வேலை. தேவகி என்கிற பெண் அந்த லைனுக்குத் தலைவி. இடது கையின் இரண்டு விரலில் சுருளைப் பிடித்து, ஈர்க்குச்சி கனம் உள்ள பிரஷ்ஷை உள்ளே விட்டு, ஒரு சுழற்று சுழற்றி எடுத்தாள். அடுத்த சுருள். அடுத்த சுருள். கம்பியில் ஒரு கீறல் கிடையாது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். படிக்கும்போது எங்கள் ஆசிரியர் ஒரே ஒரு பூவில் பிரஷ்ஷால் மகரந்தம் வைத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு பூவுக்குச் சரி, நாற்பது மரத்துக்கு யார் செய்வது என்று அதை மறந்தே போயிருந்தேன். வண்டு செய்கிற வேலையை இந்த விரல்கள் செய்யாதா? அழுகல் வேண்டாம், சருகு வேண்டாம், தரை சுத்தமாகவே இருக்கலாம்.

"தேவகி, ஒரு பூவுக்குள்ள இதே மாதிரி சுத்துவியா?"

விளக்கிச் சொன்னேன். லைன் முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

"இன்னாக்கா, எனக்கே இன்னும் ஆவல, பூவுக்குக் கண்ணாலம் பண்ணி வெக்கச் சொல்ற?"

"ஓவர்டைம் தருவாங்களா?" என்றாள் ஒருத்தி.

"பழம் தருவேன்" என்றேன்.

"பழத்துக்காக இல்லாட்டியும் அந்தச் சுடுகாட்டு ஷெட்டுல குந்திக்கினு இருக்கறதுக்கு மரத்தடி தேவலாம்டி" என்றாள் தேவகி.

அவர்களுடைய கம்பெனி பஸ், ஷிப்ட் மணி அடிப்பதற்கு வெகு முன்னதாகவே அவர்களை இறக்கிவிட்டு, இரண்டாவது நடைக்குப் போய்விடும். காலை வெயில் ஏறும் முன் கிடைக்கும் அந்த நேரம்தான் பெண்பூ ஈரமாக இருக்கும் நேரம்.

நான் கேட்டதும் வரதராஜன் சார் மறுக்கவில்லை. தொழிற்சாலைக்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எது சரியான பூ, எது தப்பான பூன்னு அந்தப் பொண்ணுங்களுக்கு எப்படித் தெரியும்? லிமிட் சாம்பிள் வேணும்." ஒரு பலகையில் தினமும் புதிதாக மூன்று பூக்களைக் குத்தி வைக்கச் சொன்னார். இதழ் இறுக மூடியது: பொறு. இதழ் லேசாகப் பிரிந்து உள்ளே பளபளப்பது: வை. அகல விரிந்தது: பறித்து மகரந்தத்துக்குக் கொடு. சுருளின் தரத்தைப் பார்க்கப் பழகிய கண்களுக்கு அது போதும். யார் வைத்த பூ என்று தெரிய, ஒவ்வொருத்தியும், கம்பியின் மேல் போடும் பிளாஸ்டிக் குழாயான ஸ்லீவில் தன் நிறத் துண்டைக் கீறிக் காம்பில் மாட்ட வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். மருந்து அடிப்பவர்களை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆனியில் அடுத்த பூ வந்தது. மாலையில் விரிந்த பூக்களைப் பறித்து வீட்டுக்கு எடுத்துப் போவேன். அருள் அவற்றை செய்தித்தாளில் பரப்பி வைப்பார். மின்விசிறி போடக் கூடாது, பறந்துவிடும். புழுக்கத்தில் மூவரும் வேர்த்துக் கிடப்போம். விடிவதற்குள் இளமஞ்சள் தூள் உதிர்ந்திருக்கும். அதை பிலிம் ரோல் டப்பாவில் தட்டி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்.

முதல் நாளே ஸ்ரீபெரும்புதூர் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோருடைய பையையும் கொட்டச் சொன்ன நேரம் அது. ஒரு போலீஸ்காரர் என் டப்பாவைத் திறந்தார்.

"இன்னாம்மா இது பொடி?"

"மகரந்தம் சார்."

"அப்டின்னா?"

"பூவுக்குள்ள இருக்குமே சார், தூள். சீத்தா மரம் காய்க்கறதுக்கு."

"மரம் காய்க்கறதுக்கு நீ எதுக்கு பஸ்ல பொடி எடுத்துக்கினு போற?" உள்ளங்கையில் கொட்டப் போனார்.

"ஐயோ சார், வேர்வை பட்டா செத்துடும்!"

"செத்துடுமா? உயிரு கீதா இதுக்கு?" டப்பாவைச் சட்டென்று தூரப் பிடித்தார். பஸ்ஸே எழுந்து நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர், "ஆம்பளப் பூவோட பொடி சார் அது. பொண்ணு வூட்டுல காத்துக்கினு கீறாங்க, உட்ருங்க" என்றார். போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் அந்தச் சாவடியில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தார். அதன்பின் என் தலை தெரிந்தாலே, "இன்னிக்கு எத்தினி கண்ணாலம்மா?" என்பார்.

தோட்டத்தில் கன்னியம்மா அக்கா விடியலிலேயே தரையை நனைத்து, காற்றைக் குளிர வைத்திருப்பார். பெருக்கிய வெறும் தரை. இருந்தாலும் ஒவ்வொரு மரத்தடியையும் நான் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்த பிறகுதான் பெண்களை விடுவேன். அவர்கள் வரிசையாக இறங்குவார்கள். பூவை இரண்டு விரலில் பிடி, இதழை நீக்கு, பிரஷ்ஷை உள்ளே விடு, ஒரு சுழற்று. ஸ்லீவ் மாட்டு. அடுத்தது. பேச்சும் சிரிப்பும் ஓயாது, கை தப்பாது.

முதல் சில நாள் வைத்த பூக்கள் நிற்கவில்லை. பறித்துப் பார்த்தேன். அவசரத்தில், விரிந்து காய்ந்துவிட்ட பூக்களிலும் வைத்திருக்கிறார்கள். வரதராஜன் சார் பலகையை நிழலுக்கு மாற்றச் சொன்னார். வெயிலில் சாம்பிள் பூவே விரிந்துவிடுகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பின் வைத்தவை நின்றன.

உதிர வேண்டிய பூ உதிராமல், காம்பில் பச்சைப் பொத்தான்போல நின்றது. அதன் கழுத்தில் சிவப்பு ஸ்லீவ். முதலில் பார்த்தது கன்னியம்மா அக்கா. கூப்பிடக்கூட இல்லை. இரண்டு கையையும் குவித்து, அதைத் தொடாமல், மழையிலிருந்து மறைப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நின்னுக்கிச்சும்மா" என்றார்.

அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. ஆடி முடிவதற்குள் கிளைகளில் ஸ்லீவ் தெரியாத இடம் இல்லை. மகரந்தம் சுற்றிலும் ஒழுங்காகப் பட்டால் பழம் உருண்டையாக வரும். ஒரு பக்கம் விட்டுப்போனால் கோணும். அதை நான் சொன்னதுதான் தவறு. மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் வைண்டிங் செக்‌ஷன் மொத்தமும் மரத்தடிக்கு வந்துவிடும்.

"ஏய், உன் பழத்தப் பாருடி. உன் மூக்கு மாதிரியே கோணிக்கினு கீது."

"உன்னுது மட்டும் இன்னா, எஸ்தரக்கா வந்து திருத்தி வெச்சது. சும்மா அலட்டிக்காத."

மற்ற செக்‌ஷன் ஆண்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இதுவரைக்கும் இங்க நூத்துக்கு எத்தனை ரிஜெக்ட்?" என்று வரதராஜன் சார் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை அழைப்பது அங்கே வழக்கம். எம்.டி. மெட்ராஸிலிருந்து வருவார். இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு, மாலை, பொரி, கடலை. அந்த வருடம் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் தட்டு நிறையச் சீத்தாப்பழம். கண் திறந்து, வெளுத்து, கை பட்டால் பிளந்துகொள்ளும் பழங்கள். கன்னியம்மா அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாகப் போய்ப் பழங்களைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஷீலாவையும் அருளையும் கூட்டி வந்திருந்தேன். ஆனால் என் கண் முழுக்க எம்.டி. மேல்தான். தெற்குப் பக்கத்து வரைபடம் அவர் காரில் இருக்கிறது என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

அவர் வைண்டிங் செக்‌ஷனில் ஒரு பழத்தை எடுத்துப் பிட்டார்.

"பிரமாதமா இருக்கே. எங்க வாங்கினது, வரதராஜன்?"

"வாங்கலை சார். நம்ம ப்ரொடக்‌ஷன்."

"நம்ம ப்ரொடக்‌ஷனா? எந்த லைன்?"

"இந்த லைன்தான் சார்." தேவகியின் பக்கம் கை காட்டினார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வரதராஜன் சார் சுருக்கமாக எல்லாம் சொன்னார். விரியனை மட்டும் சொல்லவில்லை.

எம்.டி. இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த இடம் லாரிக்குன்னு முடிவு பண்ணியிருக்கோமே. லாரியெல்லாம் எங்க நிக்கும்?"

சந்தன வாசனை, சாம்பிராணிப் புகை. வரதராஜன் சார் ஒருவரிடமும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"லாரி ரோட்டுல நிக்கும் சார்" என்றார். "மரம் போய் ரோட்டுல நிக்காது."

எம்.டி. அவரையே பார்த்தார். பிறகு கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். "நீங்களே இப்படிச் சொன்னா, அப்புறம் நான் என்ன சொல்றது? லாரிக்கு மேற்குப் பக்கம் பாருங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்தார். வரதராஜன் சார் அவர் பின்னால் போகும்போது, என்னைத் தாண்டுகையில், "போஸ்டை பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன் எஸ்தர். கையெழுத்தாயிடும்" என்றார், ஏதோ பல்பு மாற்றியதைச் சொல்வதுபோல.

சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருவதை நிறுத்த முடியவில்லை. தேவகி ஒரு பழத்தைப் பிளந்து பாதியை என் கையில் திணித்தாள்.

"இன்னாக்கா, ஜெயிச்சிட்டு யாராச்சும் அழுவாங்களா? துன்னு. இன்னும் ஒண்ணுகூட நீ துன்னல, நான் பாத்துக்கினேதான் கீறேன்."

உண்மைதான். அத்தனை மாதத்தில் ஒரு பழம்கூட நான் வாயில் வைக்கவில்லை. ஒரு சுளையை நாக்கில் வைத்தேன். அப்போது தேவகி என் தோளைத் தட்டினாள்.

"அத்த அப்பால துன்னுவ. உன் பொண்ணு அங்க அஞ்சாவது பழத்த உரிச்சிக்கினு கீது பாரு."

மரமும் லாரியும் வேலையும் எங்கோ போயின. இத்தனையும் தின்றால் பிள்ளைக்கு வயிறு என்னத்துக்கு ஆகும் என்று பதறி எழுந்து ஓடினேன்.